சினிமா ஓடும் 'கோடி'யில் மாரியோவும் ஓடுவது எப்படி? பழைய வீடியோ கேம்களும் ஒரு கன்ட்ரோலர் தலைவலியும்

டிவியில் படம், பாட்டு, ஃபோட்டோ பார்க்க 'கோடி' செயலியை வைத்திருப்பவர்கள் நிறைய பேர். (பணக் கோடி இல்லீங்க, இது மென்பொருளின் பெயர்.) அதன் முகப்பில் மூவீஸ், மியூசிக் என்று வரிசையாக இருக்கும் பட்டியலில் 'கேம்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். பெரும்பாலானோர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தொட்டவர்களும், "உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பி வந்திருப்பார்கள்.

அந்த ஒரு வரி அங்கே வந்து சேர, உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வ நிரலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2019 ஜனவரியில் வெளியான கோடி 18-வது பதிப்பில்தான் பழைய வீடியோ கேம்களை ஆடும் வசதி அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. படம் ஓட்டத் தெரிந்த மென்பொருளுக்கு, 40 கேபி அளவே உள்ள 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மாதிரி ஒரு குட்டி கேமை ஓட்ட ஏன் இவ்வளவு காலம்? வாட்ஸ்அப்பில் வரும் 'குட் மார்னிங்' படமே அதைவிடப் பெரிதாக இருக்குமே? பார்ப்போம்.

முதலில், கோடி என்றால் என்ன?

கோடி ஒரு திறந்த மூல மீடியா சென்டர். அதாவது, உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலோ வீட்டு நெட்வொர்க்கிலோ இருக்கும் படங்களையும் பாடல்களையும் அழகாக அடுக்கி, ரிமோட்டை வைத்தே பெரிய திரையில் பார்க்க உதவும் மென்பொருள். இலவசம். மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, மேக், ராஸ்பெர்ரி பை என்று எல்லாவற்றிலும் ஓடும்.

இதன் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. கோடி பிறந்ததே ஒரு கேம் கருவியில்தான். 2001-ல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸை வெளியிட்டது. உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 64 எம்பி நினைவகம். ஏறத்தாழ ஒரு குட்டி கம்ப்யூட்டர். "இதில் படமும் பார்க்கலாமே" என்று சிலருக்குத் தோன்றியது. 2002-ல் 'எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர்' என்று தொடங்கி, பிறகு 'எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர்' ஆனது. அதை ஓட்ட எக்ஸ்பாக்ஸின் பூட்டை உடைத்து மாற்றியமைக்க வேண்டும். சாதாரண கருவியில் ஓடாது.

பிறகு அது லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று பரவியது. அதிலிருந்து கிளை பிரிந்து உருவானதுதான் இன்று பலரும் பயன்படுத்தும் 'பிளெக்ஸ்'. 2014-ல் 'கோடி' என்று பெயர் மாறியது. பெயரில் இருந்த எக்ஸ்பாக்ஸ், எக்ஸ்பாக்ஸிலேயே ஓடாத மென்பொருளுக்குப் பொருந்தவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஆக, கேம் கருவியில் பிறந்து, படம் காட்டும் வேலைக்குப் போன பிள்ளை, பல ஆண்டு கழித்துத் திரும்பவும் கேம் பக்கம் வந்திருக்கிறது.

படம் ஓட்டுவதும் கேம் ஓட்டுவதும் ஒன்றில்லையா?

திரையில் தெரிவது என்னவோ ஒரே மாதிரிதான். இரண்டுமே அடுத்தடுத்து வரும் படங்கள், கூடவே சத்தம். ஆனால் உள்ளே நடப்பது நேர் எதிர்.

படம் ஓடும்போது அடுத்து என்ன வரும் என்பது கோப்பிலேயே எழுதியிருக்கிறது. அதனால் பிளேயர் முன்கூட்டியே கொஞ்சம் படித்து வைத்துக்கொள்ளும். இதைத்தான் 'பஃபர்' என்கிறோம். ஹார்ட் டிஸ்க் ஒரு நொடி திணறினாலும் பஃபரில் இருப்பதை வைத்து சமாளித்துவிடும். நீங்கள் 'பாஸ்' பட்டனை அழுத்தி, படம் கால் நொடி தாமதமாக நின்றால் யாரும் கவலைப்படப் போவதில்லை.

கேமில் அடுத்த நொடி என்ன நடக்கும் என்பது உங்கள் கட்டை விரலில் இருக்கிறது. முன்கூட்டிப் படித்து வைக்க எதுவுமே இல்லை. பள்ளத்தின் விளிம்பில் ஜம்ப் பட்டனை அழுத்தி, கால் நொடி கழித்து மாரியோ குதித்தால்? அதற்குள் அவர் பள்ளத்தில் இருப்பார்.

பழைய கேம்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃபிரேம் என்ற கணக்கில் ஓடுபவை. அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். அந்த இடைவெளிக்குள் பட்டன் அழுத்தியதைப் படித்து, கேம் கணக்கைப் போட்டு, படத்தை வரைந்து, சத்தத்தை அனுப்ப வேண்டும். மறுபடி அடுத்த ஃபிரேம். படத்துக்கு நல்லது செய்யும் அதே பஃபர், கேமுக்கு எதிரி.

அதனால்தான் கோடி தன் வீடியோ பிளேயரையே கேமுக்கும் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. 'ரெட்ரோபிளேயர்' என்று தனியாக ஒன்றை எழுத வேண்டியிருந்தது. படம், சத்தம் இரண்டையும் முடிந்தவரை தேக்கி வைக்காமல் உடனுக்குடன் திரைக்குத் தள்ளுவதுதான் அதன் வேலை.

எமுலேட்டர்: இல்லாத கருவியை இருப்பதாக நம்ப வைப்பது

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம்தான், பின்னால் அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரில் வந்தது. 90-களில் நம்ம ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டிகள் பலவும், 'இத்தனை ஆயிரம் கேம்' என்று எழுதிய மஞ்சள் கேசட்டுகளும், இந்த ஃபாமிகாமின் நகல்கள்தான்.

அந்தக் கருவியின் பிராசசர் வேகம் சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் வெறும் 2 கேபி. உங்கள் கையில் இருக்கும் ஃபோன் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமானது. ஆனாலும் அந்த கேசட்டில் இருக்கும் நிரலை ஃபோன் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. அது வேறொரு பிராசசரின் மொழியில் எழுதப்பட்டது.

இங்கேதான் எமுலேட்டர் வருகிறது. பழைய கருவியின் பிராசசர், படம் வரையும் சிப், ஒலி சிப் எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டும் நிரல் அது. கேசட்டில் இருந்த நிரலுக்குத் தான் ஓடுவது உண்மையான ஃபாமிகாமில் இல்லை என்பதே தெரியாது.

சரி, அப்போ ஒவ்வொரு பழைய கருவிக்கும் ஒரு எமுலேட்டரை கோடிக்காரர்களே எழுதினார்களா? இல்லை. எழுதியிருந்தால் இன்னும் முடிந்திருக்காது. அவர்கள் 'லிப்ரெட்ரோ' என்ற பொதுவான இணைப்பு முறையைக் கையில் எடுத்தார்கள்.

மிக்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒன்றுதான். சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார், ஜூஸுக்கு ஒரு ஜார். அடியில் மாட்டும் இடம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்பதால்தான் மாற்றி மாற்றி மாட்ட முடிகிறது. லிப்ரெட்ரோ அந்த 'அடியில் மாட்டும் இடம்' மாதிரி. ஒவ்வொரு எமுலேட்டரும் ஒரு ஜார். இவற்றை 'கோர்' என்பார்கள்.

விதி எளிமையானது. "ஒரு ஃபிரேம் ஓட்டு" என்று மேலே இருக்கும் மென்பொருள் கேட்கும். கோர், "இப்போது எந்த பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது?" என்று திரும்பக் கேட்கும். பதில் வந்ததும் ஒரு படத்தையும், அதற்கான துளி சத்தத்தையும் கொடுக்கும். நொடிக்கு 60 தடவை இதே உரையாடல். இந்த முறைக்கு முன்மாதிரியாக இருக்கும் செயலி 'ரெட்ரோஆர்க்'. கோடி இந்த ஒரே மொழியைக் கற்றுக்கொண்டதால், ஏற்கெனவே வேறு பலர் எழுதி வைத்திருந்த ஏராளமான கோர்கள் அதற்குக் கிடைத்தன. ஒவ்வொரு கோரும் கோடியில் ஒரு ஆட்-ஆனாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு வரம்பும் உண்டு. 18-வது பதிப்பில் வந்த ரெட்ரோபிளேயர், படத்தை மென்பொருளே வரைந்து கொடுக்கும் கோர்களுக்கானது. கிராஃபிக்ஸ் சிப்பை நேரடியாகக் கேட்கும் 3டி கருவிகளின் கோர்கள் அதில் சேரவில்லை. அதனால்தான் கோடி என்றால் முதலில் 8-பிட், 16-பிட் காலத்து கேம்கள் நினைவுக்கு வருகின்றன.

உண்மையான தலைவலி: கன்ட்ரோலர்

"யூஎஸ்பி-யில் சொருகினா வேலை செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். கீபோர்டு அப்படித்தான் வேலை செய்கிறது. கன்ட்ரோலர் அப்படி இல்லை.

நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால், கம்ப்யூட்டருக்குப் போகும் செய்தி "ஜம்ப் பட்டன்" என்று போவதில்லை. "பட்டன் எண் 2" என்று போகிறது. எந்த இடத்தில் இருக்கும் பட்டனுக்கு எண் 2 என்பது தயாரிப்பாளர் இஷ்டம். அதே கன்ட்ரோலரை விண்டோஸில் சொருகினால் ஒரு எண், லினக்ஸில் வேறு எண், ஆண்ட்ராய்டில் இன்னொன்று. நாலு திசை பட்டன்கள் சிலவற்றில் நாலு தனி பட்டன்களாக வரும், சிலவற்றில் 'ஹாட்' என்ற ஒரே உறுப்பாக வரும், இன்னும் சிலவற்றில் ஜாய்ஸ்டிக் அச்சாகவே வரும்.

விலை குறைந்த கன்ட்ரோலர்களில் இது இன்னும் மோசம். 'யூஎஸ்பி கேம்பேட்' என்று பொதுவான பெயரை மட்டும் சொல்லிக்கொள்ளும் இரண்டு கன்ட்ரோலர்களை வாங்கினால், இரண்டிலும் எண் வரிசை வெவ்வேறாக இருக்கலாம்.

அடுத்த குழப்பம் எழுத்துகள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் 'ஏ' பட்டன் கீழே இருக்கும், 'பி' வலது பக்கம். நின்டெண்டோவில் 'ஏ' வலது பக்கம், 'பி' கீழே. எழுத்தைப் பார்த்து மேப் செய்தால் விரல் குழம்பும். இடத்தைப் பார்த்து மேப் செய்தால் திரையில் வரும் "ஏ-வை அழுத்தவும்" என்ற வரி குழப்பும்.

பிளே ஸ்டேஷன் 3 கன்ட்ரோலரில் கை அசைவை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதன் அளவுகளும் அச்சு மதிப்புகளாக வந்துகொண்டே இருந்தால், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் "யாரோ ஜாய்ஸ்டிக்கை ஆட்டுகிறார்" என்று மென்பொருள் நினைக்கும். எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரைப் பழைய விண்டோஸ் முறையில் இணைத்தால், இடது வலது இரண்டு டிரிக்கர்களும் ஒரே அச்சாக வரும். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, எதுவுமே அழுத்தாத மாதிரி தெரியும்!

இதையெல்லாம் கோடி எப்படிச் சமாளித்தது?

படத்தைக் காட்டி, "இதை அழுத்துங்க" என்று கேட்பது

கோடி எடுத்த முடிவு இதுதான். எண்களைப் பற்றிப் பயனாளர் யோசிக்கவே கூடாது. ஒவ்வொரு பழைய கருவியின் கன்ட்ரோலருக்கும் ஒரு 'புரொஃபைல்' செய்தார்கள். அதில் அந்த கன்ட்ரோலரின் படமும், அதிலிருக்கும் பட்டன்களின் பெயர்ப் பட்டியலும் இருக்கும். என்இஎஸ் என்றால் நாலு திசை, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என எட்டு. சூப்பர் என்இஎஸ் என்றால் பன்னிரண்டு.

செட்டிங்ஸில் போனால் திரையில் கன்ட்ரோலர் படம் வரும். "ஏ பட்டனை அழுத்துங்கள்" என்று கோடி கேட்கும். நீங்கள் உங்கள் கையில் இருப்பதில் எது 'ஏ' என்று நினைக்கிறீர்களோ, அதை அழுத்தினால் போதும். வந்த எண் என்ன, அது பட்டனா அச்சா ஹாட்டா என்பதை அதுவே குறித்துக்கொள்ளும். அடுத்து 'பி', அடுத்து 'எக்ஸ்'. ஒரு நிமிட வேலை. சென்சார் தொந்தரவு இருக்கும் கன்ட்ரோலர்களுக்கு, "இந்த உறுப்பைக் கண்டுகொள்ளாதே" என்று சொல்லவும் வழி வைத்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு நல்ல விஷயங்கள். ஒன்று, ஒரு தடவை மேப் செய்தால், அதை வைத்தே மற்ற கருவிகளின் கன்ட்ரோலர்களுக்கும் கோடி தானாகப் பொருத்திப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு எமுலேட்டருக்கும் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. இரண்டு, ஒருவர் செய்த மேப்பைத் திட்டத்துக்கே கொடுத்துவிடலாம். அதே கன்ட்ரோலர் வாங்கும் அடுத்தவருக்கு சொருகியதுமே வேலை செய்யும். பெயரை மட்டும் நம்பாமல், பட்டன் எத்தனை, அச்சு எத்தனை என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் கன்ட்ரோலரை அடையாளம் காண்கிறது. 'யூஎஸ்பி கேம்பேட்' குழப்பத்துக்கு இது ஓரளவு மருந்து.

இதனால் கேம் ஆடாதவர்களுக்கும் லாபம். அதே கன்ட்ரோலரை வைத்துப் படம் தேடலாம், பாஸ் செய்யலாம், சத்தம் கூட்டலாம். சோஃபாவில் தொலைந்துபோன ரிமோட்டைத் தேடும் வேலை மிச்சம்.

கேமை 'ரீவைண்ட்' செய்ய முடியுமா?

முடியும். ஒரு படம் பார்க்கும் மென்பொருளுக்குள் கேம் வந்ததன் அழகே இதில்தான் இருக்கிறது. பாஸ், ரீவைண்ட் எல்லாம் கோடியின் ரத்தத்தில் ஊறியவை.

தொழில்நுட்பம் இப்படி வேலை செய்கிறது. எமுலேட்டர் நடிக்கும் கருவியின் நினைவகம், பிராசசர் நிலை எல்லாவற்றையும் எந்த நொடியிலும் அப்படியே நகலெடுக்க முடியும். இதுதான் 'சேவ் ஸ்டேட்'. நொடிக்கு 60 நகல் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டால், பின்னோக்கி நடக்கலாம். ஆனால் இடம்? அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நினைவகத்தில் மாறுவது மிகக் கொஞ்சம். முழு நகலுக்குப் பதில், மாறிய பகுதியை மட்டும் குறித்து வைத்தால் போதும். வீட்டு செலவுக் கணக்கில் தினமும் பீரோவைக் காலி செய்து எண்ணாமல், 'இன்று வந்தது, போனது' மட்டும் எழுதுவோமே, அந்த மாதிரி.

2023 ஜனவரியில் வந்த 20-வது பதிப்பில், கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே சேவ் செய்தவற்றைப் பார்த்து, எதிலிருந்து வேண்டுமோ அதிலிருந்து தொடரும் வசதியும் சேர்ந்தது. ஆபீஸ் கால் வந்தால் அப்படியே விட்டுப் போய், ராத்திரி வந்து தொடரலாம்.

இது சட்டப்படி சரியா?

நேர்மையான பதில்: எமுலேட்டர் வேறு, கேம் கோப்பு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கலே.

எமுலேட்டர் விஷயத்தில் அடிக்கடி சொல்லப்படுவது அமெரிக்க வழக்கு ஒன்று. பிளே ஸ்டேஷன் கேம்களை கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளை 'கனெக்டிக்ஸ்' என்ற நிறுவனம் செய்தது. சோனி வழக்கு போட்டது. 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்து, அதுபோல வேறொன்றைச் சொந்தமாக எழுதுவதில் தவறில்லை என்பதுதான் அதன் சாரம். நின்டெண்டோவே 2016-ல் வெளியிட்ட குட்டி 'என்இஎஸ் கிளாசிக்' பெட்டிக்குள் ஓடுவதும் எமுலேட்டர்தான்.

கேம் கோப்பின் கதை வேறு. கேசட் சிப்பிலிருந்து நகலெடுத்த கோப்பை 'ரோம்' என்பார்கள். அதற்குப் பதிப்புரிமை உண்டு. 30 வருடம் பழசு என்பதால் இலவசமாகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் பிரிவு 52, ஒரு கம்ப்யூட்டர் நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அந்தப் பிரதியிலிருந்தே, அது தொலைந்தோ கெட்டோ போகாமலிருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. இதில் "அந்தப் பிரதியிலிருந்தே" என்பது முக்கியம். யாரோ ஒருவர் இணையத்தில் ஏற்றிவைத்ததை இறக்கிக்கொள்வது இதற்குள் வராது.

இன்றைய கருவிகள் என்றால் இன்னும் கவனம் தேவை. நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கான 'யுசு' எமுலேட்டரை உருவாக்கியவர்கள் மீது 2024-ல் நின்டெண்டோ வழக்குத் தொடுத்தது. அவர்கள் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு திட்டத்தையே மூடினார்கள். அங்கே பிரச்சினை, விற்பனையில் இருக்கும் கருவியின் பூட்டைத் திறப்பது பற்றியது. அதே 2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் ரெட்ரோ எமுலேட்டர்களை அனுமதித்தது. கொஞ்ச நாளில் ரெட்ரோஆர்க்கும் அங்கே வந்துவிட்டது. ஒரே ஆண்டில் இரண்டு திசையிலும் காற்று.

கோடிக்கு இதில் என்ன ஆபத்து?

கோடி ஏற்கெனவே சூடு பட்டது. 'எல்லாப் படமும் இலவசம்' என்று திருட்டு ஆட்-ஆன்களை நிரப்பி, கோடியின் பெயரைச் சொல்லியே பெட்டிகளை விற்றவர்கள் உலகம் முழுக்க உண்டு. 2017 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அப்படிப்பட்ட ஆட்-ஆன்களை முன்கூட்டியே போட்டு விற்பது பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. கோடி குழுவோ, "எங்கள் மென்பொருளில் எந்தப் படமும் இல்லை, உங்களுடையதை நீங்களே கொண்டு வாருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தச் சூழலில் எமுலேட்டரையும் உள்ளே சேர்ப்பது துணிச்சலான முடிவு. அதனால்தான் 'கேம்ஸ்' பகுதியைத் திறந்ததும் காலியாக இருக்கிறது. அது குறை இல்லை, திட்டமிட்டு எடுத்த நிலைப்பாடு. இன்னொரு நுணுக்கம்: எல்லாக் கோரும் ஒரே உரிமத்தில் வருவதில்லை. கோடியின் உரிமம் ஜிபிஎல் வகை. சூப்பர் என்இஎஸ்-க்கான 'ஸ்னெஸ்9எக்ஸ்' போன்றவை வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தில் இருக்கின்றன. வீட்டில் ஆட தடையில்லை. பெட்டியில் போட்டு விற்றால்தான் வம்பு.

பழைய கேமுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. பணம் கொடுத்து வாங்க நினைத்தாலும் வழியில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான ஆன்லைன் கடை மூடப்பட்டது. அங்கே மட்டும் விற்ற கேம்களைப் புதிதாக வாங்க வழியில்லாமல் போனது.

புத்தகம் பழசானால் நூலகத்தில் கிடைக்கும். கேமுக்கு அந்த வசதியும் குறைவு. அச்சில் இல்லாத கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே காட்ட நூலகங்களை அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஏற்கவில்லை.

கேசட்டுகளும் கருவிகளும் நிரந்தரமில்லை. 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' போன்ற கேசட்டுகளில் நீங்கள் சேமித்த ஆட்டத்தைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி. பேட்டரி செத்தால் சேமித்ததும் போச்சு. ஒரு கருவி எப்படி நடந்துகொண்டது என்பதை நிரலாக எழுதிவைக்கும் திறந்த மூல எமுலேட்டர், அந்தக் கருவியின் கடைசிப் பெட்டி கெட்டுப்போன பிறகும் மிஞ்சும் ஆவணம்.

நீங்கள் முயல விரும்பினால்

1. கோடியை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் நிறுவுங்கள். 'எல்லாம் லோடு செய்தது' என்று விற்கும் பெட்டிகள் வேண்டாம். அதில் வேறு என்ன லோடு ஆகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

2. கன்ட்ரோலரை இணைத்து, செட்டிங்ஸ், சிஸ்டம், இன்புட் என்று போனால் கன்ட்ரோலர் அமைப்பு இருக்கும். முதலில் கோடியின் பொது கன்ட்ரோலர் படத்தை வைத்து எல்லா பட்டனையும் மேப் செய்யுங்கள். பாதியில் விடாதீர்கள். மற்ற கருவிகளுக்குப் பொருத்துவது இதை வைத்துத்தான்.

3. ஆட்-ஆன் பகுதியில் 'கேம் ஆட்-ஆன்ஸ்' என்பதில் எமுலேட்டர்கள் இருக்கும். லினக்ஸில் சில வகைகளில் இவற்றை பேக்கேஜ் மேனேஜர் வழியாகத்தான் நிறுவ வேண்டியிருக்கும்.

4. எந்த ரோமும் இல்லாமலே ஆரம்பிக்கலாம். '2048', 'மிஸ்டர் பூம்' போன்றவை தனி கேம்களாகவே ஆட்-ஆன் வடிவில் உண்டு. பலர் சேர்ந்து குண்டு வைத்து விளையாடும் மிஸ்டர் பூம், வீட்டுக்கு நண்பர்கள் வந்தால் கைகொடுக்கும். பழைய கருவிகளுக்காக இன்றைய நிரலாளர்கள் புதிதாக எழுதி, அவர்களே இலவசமாகத் தரும் 'ஹோம்ப்ரூ' கேம்களும் நிறைய.

5. பட்டன் அழுத்தியதும் தாமதம் தெரிந்தால், முதலில் டிவியில் 'கேம் மோட்' போடுங்கள். படத்தை அழகாக்க டிவி செய்யும் மெருகேற்றல் எல்லாம் நேரம் தின்பவை. கேம் மோட் அவற்றை நிறுத்திவிடும்.

6. படம் அகலமாக இழுபட்டுத் தெரிந்தால், ஆட்டத்தின் நடுவே வரும் மெனுவில் 4:3 அளவைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கால டிவிக்கு வரைந்த படம் அது. 16:9-ல் மாரியோவுக்குத் தொப்பை போட்டுவிடும்.

கோடியா, ரெட்ரோஆர்க்கா?

உங்கள் முதல் வேலை கேம் என்றால் கோடி சரியான இடம் இல்லை. ரெட்ரோஆர்க்கில் தாமதத்தைக் குறைக்கவும், பழைய டிவி திரை போலக் காட்டவும் நுணுக்கமான வசதிகள் அதிகம். ராஸ்பெர்ரி பை வாங்கி கேம் பெட்டியாகவே ஆக்க நினைத்தால் லக்கா, ரெட்ரோபை, பட்டோசெரா என்று அதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. இதில் லக்கா, கோடியை ஓட்டுவதற்காகவே செய்த லிப்ரெஇலெக் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பட்டோசெராவிலோ கோடியே கூட வரும். ஊரே ஒருவருக்கொருவர் உறவு.

உங்கள் முதல் வேலை படம், கேம் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால், கோடி போதும். தனிப் பெட்டி வேண்டாம், தனி செயலி வேண்டாம். படம் முடிந்ததும் அதே சோஃபாவில், அதே கன்ட்ரோலரில் ஒரு ரவுண்டு ஆடிவிட்டுத் தூங்கப் போகலாம்.

உங்கள் கன்ட்ரோலர் சொருகியதும் வேலை செய்யாமல், நீங்களே ஒவ்வொரு பட்டனாக மேப் செய்ய வேண்டி வந்தால், அந்த மேப்பைக் கோடி திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். அதே மாடலை நாளைக்கு வாங்குபவருக்கு அந்த வேலை மிச்சம்.